வெட்டிக் கொடுத்த படம்

எந்த உருவத்தையும் செய்து வணங்கக் கூடாது என்கிற, பத்துக் கட்டளைகளில் இரண்டாவதான கற்பனையை நான் இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன். என் வகுப்புப் பெண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தடுமாறாமல் சொல்வார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்துக்குத் தேர் ஓடுகிற வீதியைக் கடந்துதான் போக வேண்டும். ஆடிப்பூரத்தன்று வடம் பிடிக்கிற சத்தம் வகுப்புக்குள் வரும்போது, அந்தக் கற்பனையைக் கொஞ்சம் உரக்கச் சொல்ல வைப்பேன். எங்கள் தாத்தா குலதெய்வத்தின் பீடத்தைத் தன் கையாலேயே இடித்துவிட்டுக் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவர். அந்தக் கை எனக்கும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால், அந்தப் புதன்கிழமை மத்தியானம் வேதசிரோமணி உபதேசியார் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றபோது, அவர் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது.

அவர் ராஜபாளையத்தில் இருக்கும் எங்கள் சிறிய சபையை நடத்துகிறவர். குடையை மடக்காமல் பேசத் தொடங்கினால் கோபமாக இருக்கிறார் என்று பொருள். அன்று மடக்கவில்லை.

“டீச்சர், உங்க இசக்கியம்மா செஞ்சிருக்கிற காரியம் தெரியுமா?”

“என்ன அண்ணாச்சி?”

“வீட்டுச் சுவத்துல ஏசுசாமி படத்தை மாட்டி வச்சிருக்கா. அதுக்கு நேர் கீழ துணியை வட்டமாச் சுருட்டிப் படையல் மாதிரி வச்சிருக்கா. நேத்து சாயங்காலம் அந்தப் பக்கம் போனவன் எட்டிப் பாத்தேன். படத்துகிட்டப் பேசிக்கிட்டிருக்கா டீச்சர்! பக்கத்து வீட்டுக்காரிகிட்டப் பேசுற மாதிரி.”

“விளக்கு வச்சிருக்காளா?”

“இல்ல.”

“பூ?”

“இல்ல. அது ஒண்ணுதான் பாக்கி. மாரியம்மனை எறக்கிட்டு அந்த எடத்துல ஏசுசாமியை ஏத்திட்டா, அம்புட்டுதான்.” குடையைத் தரையில் ஊன்றினார். “ஞாயித்துக்கிழமை ஐயா வாராக. ஞானஸ்நானத்துக்கு அவ ஆயத்தம்னு நீங்கதான் வார்த்தை சொல்லணும். அதுக்கு முன்னால அவ கையாலயே அந்தப் படத்தைக் கிழிக்கட்டும். கிழிச்சாத் தலையில தண்ணி. இல்லன்னா ஐயா அடுத்தாப்புல வரையில பாத்துக்கிடலாம்.”

குருவானவர் சின்னத்துரை ஐயா பல ஊர்ச் சபைகளைப் பார்க்கிறவர். ராஜபாளையத்துக்கு அடுத்து எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது. ஆறு மாதம் ஆகலாம். யுத்தம் வந்த பிறகு பஸ்ஸும் குறைந்துவிட்டது.

இசக்கியம்மாளுக்கு ஆறு மாதம் கிடையாது என்பது எனக்குத் தெரியும். அவள் விறகுக்காரி. விடிவதற்கு முன் மலையடிவாரத்துக்குப் போய், மத்தியானத்துக்குள் தலைச்சுமை விறகோடு ஊருக்குள் வந்து விற்கிறவள். புருஷன் இறந்து நாலு வருடம். குருவம்மாள் என்று ஒரே மகள். வேதத்துக்கு வருவது என்று முடிவு செய்த பிறகு அவள் அந்த வருடத்து அம்மன் கொடைத் திருவிழாவுக்குப் போகவில்லை. அன்றோடு புருஷன் வீட்டார் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது யாரும் வாசல் மிதிக்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பிவிட்டாள். இந்தப் பக்கம் இன்னும் யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டு வருடமாக அவளை ஆயத்தப்படுத்தியது நான். நான் சொல்கிற ஒரு வார்த்தையில்தான் அவளுடைய ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

“சரி அண்ணாச்சி. சனிக்கிழமை போய்க் கிழிக்கச் சொல்லுதேன்” என்றேன்.

யோசிக்காமல்தான் சொன்னேன். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

சனிக்கிழமை கரி வண்டியில் போனேன். பெட்ரோலுக்குப் பதில் பின்னால் அடுப்பு வைத்து ஓட்டுகிற பஸ். ஏற்றம் வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். ராஜபாளையம் போய்ச் சேரும்போது என் வெள்ளைச் சேலை சாம்பல் நிறமாகியிருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் ஜெபவீட்டில்தான் வகுப்பு நடத்துவேன். பெண்களும் பிள்ளைகளும் அங்கே வருவார்கள். இசக்கியம்மாளின் வீட்டுக்கு அன்றுதான் முதல்முறையாகப் போகிறேன் என்பது, வழி கேட்க வேண்டிவந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடப் போகவில்லை.

தெருமுனையில் முறத்தில் புளியங்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தவள் அய்யம்மாள். இசக்கியம்மாளின் புருஷனுடைய அண்ணன் மனைவி. என்னைப் பார்த்ததும் என்னிடம் பேசாமல் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“ஏட்டி, ஒன் டீச்சரம்மா வாராக! பாய் கெடந்தா விரி. நாளைக்கு ஒனக்கு என்ன பேரு? மேரியா, மகாராணியா?”

“ஒனக்கும் சேத்து ஒரு பேரு கேட்டு வாரேன், பொறு” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. பேச்சை நிறுத்தியவர்கள் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் போலும்.

உள்ளே குனிந்து நுழைந்தேன். சின்ன வீடு. மண்சுவர் புதிதாக மெழுகியிருந்தது. இசக்கியம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கிக் குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தேன்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு படச் சீட்டு. நாலு மூலையிலும் கருவேல முள் குத்தி வைத்திருந்தது. தாடி வைத்த ஒரு மனிதன். கழுத்து தடித்து, முகம் கறுத்திருந்தது. சாயம் போன சட்டை. தோளில் ஒரு பெரிய மரம். கண்கள் தரையைப் பார்த்திருந்தன. அவனுக்கு முன்னால், சீட்டின் ஓரத்தில், ஒரு வெள்ளை அங்கியின் நுனி மட்டும் தெரிந்தது. அதற்கு மேல் படம் இல்லை. ஓரம் கோணலாக வெட்டுப்பட்டிருந்தது.

அந்தக் கோணலை எனக்குத் தெரியும். அது என் கத்தரிக்கோல். நடுவில் திருகு தளர்ந்து, எதை வெட்டினாலும் கடைசியில் இடப்பக்கம் சாய்த்துவிடும்.

வசனம் ஒப்பிக்கிற பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுக்க, சீமையிலிருந்து மிஷன் அம்மாமார் படச் சீட்டுகள் அனுப்புவார்கள். யுத்தம் தொடங்கிய பிறகு பார்சல் வரவில்லை. போன வருடத்துக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு, சனிக்கிழமை வகுப்பில் பிள்ளைகள் அதிகம், சீட்டுகள் கொஞ்சம். நான் சில சீட்டுகளை இரண்டாக வெட்டினேன். இரண்டு பாதியிலும் ஒரு ஆள் இருக்கும்படி பார்த்துத்தான் வெட்டினேன். இந்தச் சீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். முன்னால் கிறிஸ்து நடக்கிறார். பின்னால் அவருடைய சிலுவையைச் சுமந்துகொண்டு ஒருவன் வருகிறான். வழியில் போனவனைச் சேவகர் பிடித்து, இதைத் தூக்கு என்று தோளில் ஏற்றிவிட்டார்கள். சிரேனே ஊர்க்காரன், சீமோன். வேதத்தில் அவனுக்கு ஒரே ஒரு வரிதான். பாடம் நடத்தும்போது அந்த வரியை நான் மூச்சு விடாமல் கடந்துவிடுவேன்.

இசக்கியம்மாள் சுவரில் மாட்டியிருந்தது கிறிஸ்து அல்ல. சீமோன்.

“டீச்சரம்மா, உக்காருங்க. ஏன் நின்னுக்கிட்டே இருக்கிய?”

உட்கார்ந்தேன். படத்துக்குக் கீழே இருந்ததை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். உபதேசியார் படையல் என்று சொன்னது ஒரு சும்மாடு. சுமை தூக்குகிறவர்கள் தலையில் வைக்கிற துணி வளையம். பழைய சேலைத் துணி, வேர்வையில் கறுத்து, நடுவில் பள்ளம் விழுந்து கிடந்தது.

“இதை எதுக்கு இங்க வச்சிருக்கே?”

அவள் வெட்கப்பட்டாள். “அதுவா... சிரிக்கக் கூடாது. குருவு இந்தப் படத்தைக் கொண்டாந்தப்பவே பாத்தேன். எம்புட்டுப் பெரிய மரம்! பச்சை மரம் டீச்சரம்மா. காஞ்சிருந்தா தோளு இப்படி அமுங்காது. சும்மாடுகூட இல்லாம வெறுந்தோளுல தூக்கியிருக்காக. பாத்தா எனக்கே தோளு காந்தும். அதான் மலையில இருந்து வந்ததும் என் சும்மாட்டை இங்க வைப்பேன். ‘செத்த நேரம் நீரு வச்சுக்கிடும்’னு சொல்லுவேன். காலையில போறப்போ கேட்டு வாங்கிக்கிடுவேன். பகல்ல எனக்கு, ராவுக்கு அவியளுக்கு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஜெபவீட்டுல பெரிய படச்சுருள் மாட்டியிருக்கோமே. அதுல இருக்கிற முகம் வேற மாதிரி இருக்கேன்னு ஒனக்குத் தோணலையா?”

“தோணுச்சு. அது நல்லா இருக்கையில எடுத்த படம். பிள்ளைகளை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காக. இது கஷ்டத்துல எடுத்தது. சுமை தூக்கினா ஆளு மாறித்தான் போவாக. எங்க வீட்டுக்காரரு கல்யாணத்துக்கு எப்படி இருந்தாரு, சாவையில எப்படி இருந்தாரு?”

நான் கிழி என்றால் அவள் கிழித்துவிடுவாள். ஏன் என்றுகூடக் கேட்க மாட்டாள். யார் படம் என்றே தெரியாமல் ஒருவனைக் கிழித்துப் போட்டுவிட்டு, நாளைக்கு ஞானஸ்நானம் பெறுவாள். உபதேசியாரும் நிம்மதியாக இருப்பார்.

ஆனால் அந்தக் கோணல் ஓரம் என்னை விடவில்லை. அன்று ஒரே வசனத்தைத்தான் இரண்டு பெண்கள் ஒப்பித்தார்கள். உபதேசியாரின் மகள் பரிபூரணம் நடுவில் தடுமாறினாள், நான் எடுத்துக்கொடுத்தேன். குருவம்மாள் ஒரு சொல்லும் விடவில்லை. கிறிஸ்து இருந்த பாதியைப் பரிபூரணத்துக்குக் கொடுத்தேன். மற்றதைக் குருவம்மாளுக்குக் கொடுத்தேன். யோசித்துக் கொடுத்திருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பேன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. யோசிக்கவில்லை. கை தானாகவே பிரித்தது. பழைய கிறிஸ்தவர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பாதி. விறகுக்காரி மகளுக்கு வழியில் போன யாரோ ஒருவன். பீடத்தை இடித்த தாத்தாவின் கை இல்லை அது. என் கை.

இன்னொன்றும் என்னை உறுத்தியது. எந்தப் படமும் அவர் அல்ல என்று இருபது வருடம் சொன்ன என் வாய், ‘இந்தப் படம் அவர் அல்ல’ என்று சொல்ல ஏன் இப்படித் தயங்குகிறது? அப்படியானால் எந்தப் படம் அவர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்? கண்ணை மூடிப் பார்த்தேன். உடனே வந்தது ஒரு முகம். பழுப்புத் தாடி, வெளிர் கண், அலை அலையாக முடி. படச்சுருளில் இருக்கிற அதே முகம். சீமையில் யாரோ ஒரு ஓவியன் யாரையோ எதிரே உட்காரவைத்து வரைந்த முகம். ஐந்து வயதிலிருந்து நான் ஜெபிக்கும்போதெல்லாம் அதைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறேன். என் வீட்டுச் சுவரில் படம் இல்லை, உண்மைதான். முள் குத்தாமலே எனக்குள் ஒன்று மாட்டியிருந்தது.

“இசக்கி, ஒண்ணு சொல்லுதேன், கேளு” என்றேன். “இது ஏசுசாமி இல்ல.”

அவள் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். கத்தரிக்கோலையும் சொன்னேன். எந்தப் பாதி யாருக்குப் போயிற்று என்பதையும் சொன்னேன். அவள் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு காது சிவந்தது.

“ரெண்டு வருசமா நான் பேசினதெல்லாம் இந்த மனுசன்கிட்டயா?”

ஆமாம் என்று தலையசைத்தேன்.

“மவளுக்குக் காய்ச்சல் வந்தப்போ விடியவிடிய இவன்கிட்டதான் கேட்டேன். வெளிய ஒருத்தி புளியங்கொட்டை பொறுக்குறாளே, அவ காதுல விழுந்தா சிரிச்சே செத்துப்போவா.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: “அப்போ இவன் யாரோ. எதுக்கு அவிய மரத்தை இவன் தூக்கணும்?”

“அவருக்கு முடியல. அடிச்சு, ராத்திரியெல்லாம் தூங்கவிடாம வச்சிருந்தாங்க. வழியில விழுந்திருவார்னு பயந்து, எதிர்ல வந்த இவனைப் பிடிச்சுச் சுமக்க வச்சாங்க.”

“கூலி குடுத்தாகளா?”

“இல்ல.”

“கூலி இல்லாமயா!” அவளுக்கு அதுதான் பெரிய அநியாயமாகப் பட்டது. “வழியோட போனவனை?”

“ஆமா.”

அவள் எழுந்து படத்துக்கு அருகில் போய் நின்றாள். வெள்ளை அங்கியின் நுனியை விரலால் தொட்டாள்.

“அப்போ இதுதான் அவியளா? முன்னால போறாகளா?”

“ஆமா. அவரை நான் வெட்டிட்டேன்.”

“ஒண்ணு கேக்கேன், உள்ளதைச் சொல்லணும். நான் இங்க சொன்னதெல்லாம் அவியளுக்குப் போய்ச் சேந்துச்சா, இல்லையா?”

இருபது வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. பாடப் புத்தகத்தில் இதற்கு விடை இல்லை. ஆனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

“சேந்துச்சு” என்றேன். “அவர் முகத்தைப் பாத்தவங்க இன்னைக்கு யாரும் உயிரோட இல்ல இசக்கி. முகம் சரியா இருந்தாத்தான் போய்ச் சேரும்னா, நான் பேசினதும் சேந்திருக்காது, உபதேசியார் பேசினதும் சேந்திருக்காது. மவளுக்குக் காய்ச்சல் வந்தப்போ நீ யாரைக் கூப்பிட்ட?”

“ஏசுசாமியை.”

“கூப்பிட்டவருக்குத் தெரியும்.”

அவள் தலையை ஆட்டினாள். பிறகு ஒரு மூலையில் இருந்த முள்ளின் மேல் விரலை வைத்தாள். “கிழிக்கணும்னுதான வந்திய? உபதேசியாரு எட்டிப் பாத்துட்டுப் போனாக. தெரியும். கிழிக்கவா?”

“வேண்டாம். காலையில நேரத்தோட வா. ஐயாகிட்ட நான் பேசுதேன்.”

திரும்பி வருகிற வழியில் பஸ்ஸை இரண்டு இடத்தில் தள்ளினார்கள். எனக்கு ஒரு சுலபமான வழி தோன்றியது. ‘அது கிறிஸ்துவின் படமே இல்லை, அதனால் கிழிக்கத் தேவையில்லை’ என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். பொய்யும் இல்லை. கத்தரிக்கோலைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். வீடு வந்து சேரும் வரைக்கும் அந்த வரியை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அதன் ஓரம் கோணலாகவே இருந்தது.

ஞாயிறு காலை, ஆராதனைக்கு ஒரு மணி நேரத்துக்கு முன், ஜெபவீட்டு மேசைக்குப் பின்னால் சின்னத்துரை ஐயா உட்கார்ந்திருந்தார். கனத்த மீசை, அவர் சிரிக்கிறாரா கோபப்படுகிறாரா என்பதை அதுதான் மறைக்கும். அவருக்குப் பின்னால் சுவரில் படச்சுருள் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் உபதேசியார். எதிரே இசக்கியம்மாளும் குருவம்மாளும் எண்ணெய் வைத்துச் சீவி, கை கட்டி நின்றார்கள்.

“படத்தைக் கிழிச்சாச்சா, டீச்சர்?” என்று உபதேசியார் கேட்டார்.

“கிழிக்கல அண்ணாச்சி. கிழிக்க வேண்டாம்னு நான்தான் சொன்னேன்.”

எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அது சீமோன் என்றும், கிறிஸ்துவை வெட்டி எடுத்தது நான் என்றும், அந்தப் பாதியை அவர் மகளுக்கு நான் கொடுத்த விதத்தையும் சொன்னேன்.

உபதேசியார், “அப்போ இது அதைவிட மோசம்லா!” என்றார். “சாமியை விட்டுட்டுச் சீமோனைக் கும்பிட்டிருக்கா! ஐயா, ரெண்டாம் கற்பனை தெளிவா இருக்கு. வாசிக்கட்டுமா?”

“வாசியும்” என்றார் ஐயா.

உபதேசியார் தம் வேதப்புத்தகத்தைத் திறந்தார். அதற்குள்ளிருந்து ஒரு சீட்டு நழுவி மேசைமேல் விழுந்தது.

வெள்ளை அங்கி. முன்னால் நடக்கிற ஒருவர். சீட்டின் ஒரு ஓரம் கோணல்.

உபதேசியாருக்குக் கழுத்துவரை சிவந்தது. “அது... பரிபூரணம் குடுத்தா. எந்தப் பக்கத்துல விட்டோம்னு அடையாளத்துக்கு வச்சது.”

“அடையாளத்துக்குத்தான்” என்றார் ஐயா. மீசை லேசாக அசைந்தது.

இசக்கியம்மாள் யாரையும் கேட்காமல் மேசைக்கு அருகில் வந்து குனிந்து பார்த்தாள். தொடவில்லை. அவள் அப்படிப் பார்த்ததை நான் மறக்க மாட்டேன். ஊரிலிருந்து வந்திருக்கிற நெருங்கிய சொந்தக்காரரைப் பார்க்கிற பார்வை.

“இவியளா?” என்றாள். “எம்புட்டு மெலிஞ்சுபோயிருக்காக! நிக்கவே தெம்பு இல்ல. அதான் அவன் தூக்கியிருக்கான்.” பிறகு ஐயாவைப் பார்த்து, பயப்படாமல் சொன்னாள்: “ஐயா, நான் அவனைக் கும்பிடல. அவியன்னு நெனச்சு அவன்கிட்டப் பேசிட்டேன். சும்மாடு மட்டும் அவனுக்குத்தான் வச்சேன். அதுல தப்பு இல்ல, பாத்துக்கிடுங்க. சுமக்கிறவனுக்குத்தான சும்மாடு?”

உபதேசியார் புத்தகத்தில் கற்பனை இருக்கும் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார், வாசிக்கவில்லை.

“டீச்சர், உங்க வார்த்தை என்ன?” என்று ஐயா என்னைக் கேட்டார்.

“அவ ஆயத்தம்.”

“படம்?”

“படம் சுவத்துல இருக்கட்டும் ஐயா. நாமதான் படத்தைக் காட்டிக் கத்துக்கொடுத்தோம். இப்பவும் உங்க முதுகுக்குப் பின்னால ஒண்ணு தொங்குது. பாத்துக் கத்துக்கோன்னு குடுத்துட்டு, அதுமேல பிரியம் வச்சதும் கிழின்னு சொல்லுறது நியாயம் இல்ல. படத்தைக் குடுத்தேன், யாருன்னு சொல்லிக் குடுக்கல. தப்பு அங்க இருக்கு. அது என்னோடது.”

“நாளைக்கு ஆளுக்கொரு படம் மாட்டுவாகளே டீச்சர்” என்றார் உபதேசியார். குரலில் கோபம் இறங்கியிருந்தது, பயம்தான் மீதி. “பொறவு விளக்கு வைப்பாக. மாலை போடுவாக. அவிய வீடு பூரா நாம போய்ப் பாத்துக்கிட்டா இருக்க முடியும்?”

அவர் பயத்தில் பொய் இல்லை. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் அதற்கான பதிலும் என்னிடம் இருந்தது.

“போய்ப் பாப்போம் அண்ணாச்சி. நானும் வாரேன். எட்டிப் பாத்துட்டு வராம, உள்ள போய் உக்காந்து பாப்போம். ரெண்டு வருசத்துல நான் அவ வீட்டுக்குப் போனது நேத்துத்தான். முன்னாலயே போயிருந்தா அன்னைக்கே சீமோனைச் சொல்லியிருப்பேன்.”

ஐயா எழுந்தார். “பொம்பளை பதில் சொல்லிட்டா. நான் அஞ்சு கேள்வி வச்சிருந்தேன். இனி ஒண்ணும் பாக்கி இல்ல. மணியை அடியும்.”

உபதேசியார் மணியடிக்கப் போகாமல் நின்றார். மேசைமேல் கிடந்த சீட்டை எடுத்து, தயங்கி, இசக்கியம்மாளிடம் நீட்டினார். “பரிபூரணத்துகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ கொண்டுபோய்ச் சேத்து வையி.”

“வேண்டாம்யா” என்றாள் அவள். “பிள்ளை வசனம் சொல்லி வாங்கினது. நான்தான் பாத்துட்டேன்ல.”

அவர் அதைத் திரும்பவும் புத்தகத்துக்குள் வைத்தார். எந்தப் பக்கத்தில் வைத்தார் என்று பார்க்காமல்தான் வைத்தார்.

புதிதாக ஞானஸ்நானம் பெறுகிற பெண்களுக்கு எங்கள் சபையில் உபதேசியாரின் மனைவிதான் ஞானத்தாயாகச் சாட்சிக்கு நிற்பது வழக்கம். யார் வந்தாலும் அந்த அம்மாளே நிற்பார். மற்றபடி பழைய குடும்பத்துப் பெண்கள் யாரும் அந்த இடத்துக்கு வந்ததில்லை. வரக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. முன்வரிசைப் பாயில் உட்கார்ந்தபடி பார்ப்போம். முடிந்ததும் பாட்டுப் பாடுவோம். அன்று ஐயா சாட்சிகளைக் கூப்பிட்டபோது நான் எழுந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என் சேலை முனையை லேசாக இழுத்தாள். எனக்குக் கால் மரத்துப்போய் எழுந்தேன் என்று நினைத்தாளோ என்னவோ. நான் நடந்து போய் இசக்கியம்மாளுக்கு வலப்பக்கத்தில் நின்றேன். அவள் தோளில் கை வைத்தேன். கல் மாதிரி இருந்தது.

“இந்தப் பெண்ணுக்குப் பேர்?”

“ஏசம்மாள்” என்று சொன்னேன்.

ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொன்னார்கள். எல்லாரும் மூடினார்கள். நான் மூடவில்லை. மூடினால் எந்த முகம் வரும் என்று எனக்குத் தெரியும். அந்த முகத்தோடு எனக்குச் சண்டை இல்லை. இனியும் அது வரும், வரட்டும். ஆனால் அப்போது எனக்குப் பார்க்க வேண்டியது வேறு இருந்தது. ஏசம்மாளின் உச்சந்தலையில், எண்ணெய் தடவிச் சீவிய முடிக்கு நடுவே, சும்மாடு தேய்த்துத் தேய்த்து முடி போன ஒரு வட்டம். ஐயா மூன்று தடவை தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் சரியாக அந்த வட்டத்தில் விழுந்து, நாலா பக்கமும் வழிந்து, என் கையையும் நனைத்தது.

அடுத்துக் குருவம்மாளின் தலையிலும் தண்ணீர் விழுந்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். எதிர்ப்புறம் வேப்பமரத்தடியில் அய்யம்மாள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

“என்னட்டி, பேரு வச்சாச்சா? இனிமே விறகு தானா நடந்து ஊருக்குள்ள வருமா?”

“வராது” என்றாள் ஏசம்மாள். “நாளைக்கும் நான்தான் தூக்கணும். எனக்குக் கூட ஒரு ஆளு உண்டு. நீ வீட்டுக்கு வா, காட்டுதேன்.”

“யாரு அது?”

“வா, சொல்லுதேன். வழியோட போனவன். கூலி இல்லாமத் தூக்கினவன். அவன் கதை ஒனக்கே புடிக்கும்.”

அய்யம்மாள் மூக்கைச் சுளித்தாள். ஆனால் குருவம்மாளின் ஈரத் தலையைப் பார்த்ததும் தன் முந்தானையை எடுத்துத் துவட்டத் தொடங்கிவிட்டாள். மூன்று பேரும் முன்னால் நடந்தார்கள். நான் பின்னால் போனேன். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, ஆனாலும் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து, நான் மூச்சு விடாமல் கடந்துவிடுகிற அந்த ஒரு வரியை அவள் எப்படிச் சொல்கிறாள் என்று கேட்காமல் போக எனக்கு மனம் இல்லை.